காங்கேயம் பக்கம் காட்டில் கிடைத்த ஆறு பட்டைக் கல்: குருந்தமா, வேறு ஏதாவதா?

மேட்டாங்காடு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அதனால் தப்பாக எதாவது கேட்டால் திட்டாதீர்கள். எங்கள் பூர்வீகக் காடு சிவன்மலையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, மானாவாரிதான், சோளத்தட்டு போடுவோம். போன மாதம் மழை பெய்து முடிந்ததும் உழவு ஓட்டினபோது கலப்பையில் ஏதோ நறநறவென்று மாட்டி, இறங்கிப் பார்த்தால் கல். காட்டில் கல் இருப்பது அதிசயமா என்பீர்கள், ஆனால் இது கைக்கு வந்ததும் வித்தியாசமாக இருந்தது. பீப்பாய் மாதிரி நடுவில் கொஞ்சம் தடித்து, ஆறு பட்டையாக, கத்தரிப்பூவும் செங்கல்லும் கலந்த மாதிரி ஒரு மங்கல் நிறம். ஒரு பக்கம் வெள்ளையாக மாவுபோல ஏதோ தோல் ஒட்டியிருக்கிறது. கையளவுக்கு இந்தக் கனம் கனக்கிறதே என்று ஆச்சரியம். தேடித் தேடி இதே மாதிரி சின்னதாக இன்னும் ஏழெட்டுப் பொறுக்கினேன்.

இது போக ஓடைக்கரையில் ஒரு துண்டு, லேசான பச்சை கலந்த நீலம், உள்ளே நிறைய விரிசல், வெயிலில் பிடித்தால் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் வருகிறது. பாட்டில் உடைசலாகவும் இருக்கலாம், சத்தியமாகத் தெரியவில்லை.

ஆத்தாவிடம் காட்டினேன். கண் சரியாகத் தெரியாது, கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு உடனே "குருந்தக்கல்லு" என்றது. "உங்க அப்பாரு காலத்துல சாணை பிடிக்கிறவன் வந்து வாங்கிட்டுப் போவான், படிக்கு இவ்வளவுன்னு காசு குடுப்பான்" என்றும் சொன்னது. இதற்குள் செய்தி பரவி, பக்கத்து ஊர்ப் புரோக்கர் ஒருவர் வந்து, மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் ஐந்நூறு ரூபாய் என்றார். நான் யோசித்ததும் இரண்டாயிரம் என்றார். யோசித்ததற்கே நாலு மடங்கு ஏறினால் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். மச்சான் இது மாணிக்கம், லட்சக்கணக்கில் போகும், ஜேசிபி வைத்துத் தோண்டலாம் என்று குதிக்கிறான். என்ன கல் இது? எப்படித் தெரிந்துகொள்வது? படம் போட்டிருக்கிறேன், வெளிச்சம் சரியில்லை, மன்னிக்கவும்.

கடப்பாரை:

தம்பி, முப்பது வருஷம் இந்தக் கரூர், காங்கேயம், நாமக்கல் பக்கம் பாறை பார்த்தே வயிறு வளர்த்தவன் நான், இப்போது ஓய்வு. படத்தை வைத்துக் கல் பெயர் சொல்கிறவனை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் உங்கள் ஆத்தா கையில் எடை பார்த்துச் சொன்னது இருக்கிறதே, அது சரியான முறை. அதையே கொஞ்சம் கணக்காகச் செய்து பார்ப்போம்.

எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வேண்டும், தெரிந்த நகைக்கடை இருந்தால் நல்லது, இல்லையென்றால் சமையல் தராசும் பெரிய கல்லுக்குப் போதும். முதலில் வெள்ளைத் தோலை முடிந்த வரை சுரண்டிவிட்டுக் கல்லைச் சும்மா நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றிப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுசாக முங்கும்படி தொங்கவிடுங்கள், அடியிலும் பக்கத்திலும் தொடக் கூடாது, நூலைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்போது தராசு ஒரு எண் காட்டும். முதல் எடையை இந்த எண்ணால் வகுங்கள், வருவது அடர்த்தி. வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், 2.65 வரும். கண்ணாடி பெரும்பாலும் 2.5. குருந்தம் என்றால் 4க்குப் பக்கத்தில் நிற்கும். உங்கள் ஆத்தா கையில் உணர்ந்தது இந்த வித்தியாசத்தைத்தான், ஒரே அளவு கல்லில் ஒன்றரை மடங்கு எடை.

கார்னெட் என்று இன்னொரு ரத்தினக்கல், அதுவும் கிட்டத்தட்ட 4 வரை வரும், அதனால் எடை மட்டும் போதாது. ஒரு நல்ல வெங்கச்சங்கல்லை எடுத்து, உங்கள் கல்லின் முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கீறின இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் தடவ வேண்டும், ஏனென்றால் பல நேரம் மென்மையான கல்லின் பொடிதான் கோடு மாதிரி தெரியும். துடைத்த பிறகும் பள்ளம் நின்றால் உங்கள் கல் கடினம். வெங்கச்சங்கல் கடினத்தன்மையில் 7, குருந்தம் 9, அதற்கு மேலே 10 வைரம் ஒன்றுதான். கார்னெட் 7க்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும், இப்படி அநாயாசமாக வெட்டாது. அதோடு கார்னெட் உருண்டையாகப் பல முகத்தோடு வளரும், ஆறு பட்டைப் பீப்பாய் ஆகாது.

பச்சைத் துண்டின் பக்கங்களில் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு நீளவாக்கில் ஓடினால் பெரில் என்ற ரத்தினக்கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். குறுக்கே ஓடினால் அது படிகம், அதாவது நிறம் வந்த வெங்கச்சங்கல். நுனி மொட்டையாகத் தட்டையா, கோபுரம் மாதிரிக் கூராகவா என்பதும் முக்கியம், பெரில் பெரும்பாலும் மொட்டை. உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் பாட்டில்தான், தூக்கிப் போட்டுவிடலாம்.

எல்லாம் செய்து எண்ணை இங்கே எழுதுங்கள். புரோக்கருக்கு அது வரை ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வேப்பமரத்தடி:

சிவன்மலை பக்கம் என்கிறீர்கள், பேசாமல் கோவிலில் பக்தர் கனவில் வந்த பொருளை வைக்கிற ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைத்துவிடச் சொல்லுங்கள், நாட்டில் கல் விலை ஏறுதா இறங்குதா என்று தெரிந்துவிடும் 😄 (யாராவது கனவில் உத்தரவு வந்தால்தான் வைப்பார்கள் என்று தெரியும், சும்மா சொன்னேன்.)

பட்டைதீட்டி:

காங்கேயத்துக்காரன். அப்பா காலத்திலிருந்து கல் அறுத்துத் தேய்ப்பதுதான் தொழில், இப்போது ஊரில் எங்களை மாதிரி சிலர்தான் மிச்சம். வெளியூர்க்காரர்களுக்குக் காங்கேயம் என்றால் காளை, இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். கல் என்றால் யாருக்கும் ஞாபகம் வராது. நிலாக்கல், பச்சைக்கல், படிகம், கார்னெட் எல்லாம் இந்தச் சுற்று வட்டாரத்தில் வந்த கல்தான்.

மச்சான் சொல்கிற லட்சத்தைப் பற்றி. உங்கள் கல் குருந்தமாகவே இருக்கட்டும். மாணிக்கமும் நீலமும் குருந்தம்தான், வேறு கல் இல்லை, அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, மாணிக்கம் என்கிறோம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஆனால் விலை வருவது ஒளி உள்ளே போய் வெளியே வந்தால்தான். நூறு குருந்தத்தில் தொண்ணூற்றொன்பது செங்கல் மாதிரி, வெளிச்சமே போகாது. உங்களுடையதும் படத்தில் அப்படித்தான் தெரிகிறது. இருட்டு அறையில் செல்போன் டார்ச்சைக் கல்லுக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஓரமெல்லாம் சிவப்பாகப் பூத்தால் எனக்குச் சொல்லுங்கள், கட்டி மாதிரி இருட்டாக நின்றால் சாணைக்கு ஆகும், மோதிரத்துக்கு ஆகாது.

சாணைக்கும் இப்போது ஆகாது என்பதுதான் சோகம். என் தாத்தா காலத்தில் குருந்தத்தை இடித்துச் சலித்து, அரக்கோடு சேர்த்துக் காய்ச்சி, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்வார்கள். நைஸ் பொடி, நடு ரகம், பருவட்டு என்று தனித்தனிச் சக்கரம். இப்போது கடையில் வாங்குகிற சாணைக்கல், உப்புத்தாள் எல்லாம் பெரும்பாலும் ஃபேக்டரியில் உருக்கி எடுத்த சரக்கு, பாக்சைட்டிலிருந்து செய்வது. காட்டுக் கல்லை இடிக்க யார் வருவார்? புரோக்கர் ஏன் வாங்குகிறார் என்று கேட்டால், மட்டமான சிவப்புக் குருந்தத்தைச் சூடுபோட்டு, விரிசலில் ஈயக் கண்ணாடியை ஊற்றி நிரப்பி மாணிக்கம் என்று விற்பது இந்த இருபது வருஷமாக உலகம் முழுக்க நடக்கிறது. உங்கள் கல் அங்கேதான் போகும் என்று சொல்லவில்லை, ராசிக்கல் மோதிரம் வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

நொய்யல்கரை:

பச்சைத் துண்டுதான் எனக்கு ஆவலைக் கிளப்புகிறது, காரணம் சொல்கிறேன். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் வழியில் படியூர் இருக்கிறதல்லவா, அங்கே பெரில் எடுத்த பழைய குழி உண்டு, கம்பெனி ஆட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஆயிரத்தெண்ணூறு வருஷம் முன்னாலேயே நம் ஆட்கள் தோண்டிவிட்டார்கள். சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு தொடங்கியது, பின்னர் வேறு துறைகளும் தோண்டின. கிடைத்தது அரசர் அரண்மனை இல்லை, பட்டறை. பாதி துளை போட்ட மணி, மெருகு ஏற்றாத மணி, உடைந்து வீசின மணி, வெட்டாத மூலக்கல், கூடவே இரும்பு உருக்கின உலை. பெரில், படிகம், கார்னெட், நீலம் எல்லாம் இருக்கிறது. சூதுபவளம் மட்டும் இங்கே விளையாது, அது வடக்கே இருந்து வந்து இங்கே மணியாகியிருக்கிறது. பதிற்றுப்பத்து இந்த ஊரைக் கொடுமணம் என்று சொல்லி அதன் அருங்கலத்தைப் பாராட்டுகிறது.

ரோமில் பிளினி என்று ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார், பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, மற்ற இடங்களில் அபூர்வம், இந்தியர்களுக்கு அந்தக் கல் நீளமாக இருந்தால்தான் பிடிக்கும், துளையிட்டு யானை முடியில் கோர்க்கிறார்கள் என்று. கொடுமணலுக்குப் பக்கத்து ஊரான கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக்காசுக் குவியல் கிடைத்தது சும்மா இல்லை. பெரில் என்ற சொல்லே பிராகிருதத்தில் வேளூரியம், வடமொழியில் வைடூரியம் என்று வழங்கியதிலிருந்து போனதாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் இன்றைக்கு நகைக்கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் கல்லைத் தருவார்கள், பெயர் ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு மாறிவிட்டது.

கடப்பாரை:

நொய்யல்கரை சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். குருந்தமும் அப்படித்தான், இன்னும் நேரடியாக. உலகம் முழுக்கக் கல்லூரிப் புத்தகத்தில் இருக்கிற கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தம்தான். 1798இல் சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி லண்டனில் ஒரு கட்டுரை படித்தார், அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து பெட்டியில் போன கல்லோடு பெயரும் போனது. உங்கள் ஆத்தா யாரிடமும் படிக்காமல் சொன்ன அதே சொல்லைத்தான் நான் காலேஜில் இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன். முதல் வருஷம் முழுக்க அது லத்தீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேட்டாங்காடு:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்த நகைக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன், கடைக்கார அண்ணன் முதலில் சிரித்தார், அப்புறம் அவரே நூல் பிடித்துக்கொண்டார்.

பெரிய பீப்பாய்க் கல்: 212 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டதும் தராசு காட்டியது 53. வகுத்தால் சரியாக 4.

பச்சைத் துண்டு: 38 கிராம், தண்ணீரில் 14. வருவது 2.71.

பெரிய கல்லை வெங்கச்சங்கல் மேல் கீறினேன், ஐயா சொன்ன மாதிரி துடைத்துத் தடவினால் நகம் மாட்டுகிறது, வெண்ணெயில் கத்தி விட்ட மாதிரி வெட்டிவிட்டது. பச்சையும் கீறியது, ஆனால் இழுத்துப் பிடித்து நாலு தரம் தேய்த்தால்தான். பச்சையில் கோடு நீளவாக்கில் ஓடுகிறது, ஒரு பக்கம் உடைந்துவிட்டது, மறு பக்கம் மொட்டை. குமிழி இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பீப்பாய்க் கல் இருட்டு. எல்லாமே இருட்டு. மச்சான் பக்கத்தில்தான் இருந்தான், முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு சந்தேகம் மட்டும். குருந்தம் கிடைத்த மேட்டில் வெங்கச்சங்கல் அவ்வளவாக இல்லை, ஓடைப் பக்கம்தான் குவியல் குவியலாகக் கிடக்கிறது. இதற்குக் காரணம் உண்டா?

கடப்பாரை:

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். உண்டு. அலுமினியமும் சிலிக்காவும் ஒரே இடத்தில் இருந்தால் அவை இரண்டும் சேர்ந்து ஃபெல்ஸ்பார் மாதிரி வேறு கனிமமாகிவிடும், தனியாகக் குருந்தம் நிற்க விடாது. சிலிக்கா தட்டுப்பாடான இடத்தில்தான் மிஞ்சிய அலுமினியம் குருந்தமாக ஒதுங்கும். வெங்கச்சங்கல் என்பது மிஞ்சிப்போன சிலிக்கா. ஆக ஒன்று மிஞ்சின வீட்டில் மற்றது இருக்காது. காட்டு மண்ணில் இரண்டும் கலந்து கிடக்கலாம், மழை அடித்து வந்து சேர்க்கும், ஆனால் ஒரே பாறையில் ஒட்டி வளர்ந்ததைப் பார்ப்பது அரிது.

சிவன்மலைப் பாறை இதற்குப் பெயர் போனது. அது சாதாரணக் கருங்கல் இல்லை, நெஃபிலின் சையனைட் என்று பெயர், (விஷம் சயனைடு இல்லை, பயப்படாதீர்கள், எங்கள் வகுப்பில் ஒருவன் பயந்தான்) சிலிக்கா குறைவான குழம்பு இறுகி வந்த பாறை. தாமஸ் ஹாலண்ட் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1901இல் இதைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்னக்கைட் என்று பெயர் வைத்தவரும் இவரே, கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு அந்தக் கல்லைப் போட்டிருந்ததால் வந்த பெயர். சரி, அது வேறு கதை. சிவன்மலையைச் சுற்றி ஃபெல்ஸ்பார் பாறைக்குள் குருந்தம் பதிந்து நிற்கும். வெயிலும் மழையும் பட்டு ஃபெல்ஸ்பார் மாவாகிக் கொட்டிவிடும், குருந்தம் அப்படியே மண்ணில் விழும். உங்கள் கல்லில் ஒட்டியிருந்த வெள்ளைத் தோல் அந்த மாவுதான். படத்தில் அதைப் பார்த்ததுமே எனக்கு முக்கால்வாசி தெரியும், ஆனால் சொன்னால் நீங்கள் தராசுக்குப் போயிருக்க மாட்டீர்கள்.

பச்சைத் துண்டு வேறு வீட்டுப் பிள்ளை. குழம்பு இறுகும்போது கடைசியில் மிஞ்சுகிற, தண்ணீர்ச் சத்து நிறைந்த பாகம் வெடிப்புகளில் புகுந்து பெரிய பெரிய பட்டைக் கற்களாக வளரும், பெக்மடைட் என்போம். அதில் வெங்கச்சங்கல், ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் எல்லாம் கட்டி கட்டியாக இருக்கும், பெரிலியம் என்ற தனிமம் இருந்தால் பெரிலும் வரும். ஓடைக்கரையில் வெங்கச்சங்கல் குவியலோடு கிடைத்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது. 2.71 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பெரில் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அரை கிராம் தப்பினாலும் படிகத்தின் எண் வந்துவிடும். ஆனால் நீளவாக்குக் கோடு, மொட்டை நுனி, வெங்கச்சங்கல்லைக் கீறியது, மூன்றும் சேர்ந்தால் பெரில்தான். சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, பக்கம் போனால் காட்டிவிட்டு வாருங்கள்.

ஜேசிபி பற்றி. காட்டில் உழும்போது கிடைத்ததைப் பொறுக்கி வீட்டில் வைப்பதற்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. தோண்டி எடுத்து விற்பது என்றால் கதை வேறு. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் குத்தகை உரிமம் இல்லாமல் கனிமம் எடுக்கக் கூடாது, 1957ஆம் வருஷத்துச் சுரங்கச் சட்டத்தின் 4ஆம் பிரிவு. கலெக்டர் ஆபீஸில் புவியியல் சுரங்கத்துறை அலுவலகம் இருக்கும், சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள். ஒளி போகாத குருந்தத்துக்கு ஜேசிபி வாடகை கூட மிஞ்சாது, மச்சானிடம் சொல்லுங்கள்.

வெள்ளைக்கல்:

நான் சேலம். எங்கள் ஊரில் கல் என்றால் மேக்னசைட், வெள்ளை வெளேரென்று இருக்கும், வெள்ளைக்காரன் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்துச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். உலைக்குள் அடுக்குகிற தீச்செங்கல்லுக்கு அதுதான். ஒன்று கேட்கட்டுமா, நிலாவுக்குப் போன கல் நாமக்கல் கல் என்கிறார்களே, உண்மையா?

கடப்பாரை:

நிலாவுக்குப் போகவில்லை, நிலா மாதிரி இங்கே நடித்தது. சித்தம்பூண்டி, குன்னமலை பக்கம் அனார்த்தோசைட் என்று ஒரு வெள்ளைப் பாறை, 250 கோடி வருஷம் பழசு. நிலாவின் மேட்டுப் பகுதியும் அதே ரகப் பாறை என்பதால், அதைப் பொடி செய்து இஸ்ரோ பெங்களூரில் தரையில் பரப்பி, சந்திரயான் 2க்காக லேண்டரையும் ரோவரையும் அதன் மேல் ஓட்டிச் சோதித்தது. சித்தம்பூண்டியிலும் குருந்தம் உண்டு, இளஞ்சிவப்பில், தம்பியுடையதை விட அழகு.

மேட்டாங்காடு:

புரோக்கரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மூவாயிரம் என்றார், அப்புறம் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பெரிய குருந்தத்தை ஆத்தா வாங்கி வைத்துக்கொண்டது, அரிவாள் தீட்டுவதற்காம். நான் சக்கரமாக வார்த்தால்தான் தீட்ட முடியும் என்று விளக்கினேன், "எனக்குத் தெரியும் போ" என்றது. நிஜமாகவே தட்டைப் பக்கத்தில் தண்ணீர் தெளித்துத் தேய்த்துவிட்டது, கருக்கு ஏறியிருக்கிறது, வாய் தான் கொஞ்சம் பல் பல்லாக நிற்கிறது.

பட்டைதீட்டி:

பருவட்டுக் கல்லில் நேராகத் தேய்த்தால் பல் விழத்தான் செய்யும், கடைசியில் மாக்கல்லிலோ தோலிலோ நாலு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். அந்தப் பச்சைத் துண்டை ஒரு நாள் கொண்டு வாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் வருகிறது என்றீர்களே, அந்த ஓரத்தை மட்டும் அறுத்தால், விரிசல் உள்ளே ஓடவில்லை என்றால், ஒரு சின்ன மணி தேறும். துளை நான் போட்டுத் தருகிறேன், யானை முடிக்கு மட்டும் என்னிடம் வழியில்லை.